நாலு ஆண் செடியும் கர்ட்டின் மூக்கும்

"பச்சையா இருக்கு" என்றான் கர்ட்.

"என்ன பச்சையா இருக்கு?"

"வாசனை."

மார்வா கண்ணை மூடிப் பல்லைக் கடித்தாள். காலையில் காபி குடித்துவிட்டுக் கீழ்க் கொட்டகைக்கு வந்தவர்கள். மூடுபனி விலகி வெயில் ஏறிவிட்டது. இத்தனை நேரத்தில் அவள் புருஷன் சொன்ன உருப்படியான சேதி, செடி பச்சையாக மணக்கிறது என்பது.

"கர்ட், பச்சைங்கறது நிறம். நான் கேட்டது மணம். எலுமிச்சையா? மிளகா? பைன் மரமா? பழமா? ஈரத் துணியா? ஏதாவது ஒண்ணச் சொல்லு."

கர்ட் அடுத்த செடியின் தண்டைக் கட்டைவிரலால் உரசி, விரலை மீசைக்குள் நுழைத்து, பெரிதாக மூச்சு இழுத்தான். அவன் தாடி மார்பு வரை தொங்கும். மூக்கு எங்கே முடிகிறது, மயிர் எங்கே தொடங்குகிறது என்பது கட்டிய பெண்டாட்டிக்கே தெரியாது.

"சோப்பு" என்றான்.

"எந்தச் சோப்பு?"

"குளிக்கிற சோப்பு."

"நீ குளிச்சிட்டு வந்திருக்க, அதான் சோப்பு மணக்குது! அட போய்யா!"

கொட்டகையில் நான்கு தொட்டிகள் இருந்தன. நான்கிலும் ஆண் கஞ்சா. வீட்டுக்கு வீடு கஞ்சா வளர்க்கிற அந்த மலைப்பக்கத்தில் ஆண் செடிக்கு ஆயுசே கிடையாது. கணுவில் குட்டிப் பந்து போல் மொட்டு தெரிந்ததுமே யார் கையும் தானாகப் போய்ப் பிடுங்கிவிடும். மொட்டு வெடித்துப் பொடி பறந்தால், காற்று போகிற திசையில் இருக்கிற பெண் செடியெல்லாம் விதை பிடித்துப் போகும். விதை பிடித்த பூவை எவன் சீந்துவான்? ஆனால் வீட்டிலேயே விதை கட்டுகிறவளுக்கு அப்பன் ஒருவன் வேண்டாமா? நல்லவன் ஒருவன் போதும். மற்றவர்களுக்குக் கத்தரிதான்.

அந்த நல்லவனைக் கண்டுபிடிப்பதில்தான் ரோதனை. பெண் செடி என்றால் பூவைப் பார்க்கலாம், கிள்ளலாம், காயவைத்துப் புகைத்தும் பார்த்துவிடலாம். ஆண் எதையும் காட்டாது. தண்டு பருமனா, கணுவுக்குக் கணு நெருக்கமா, கிளை தோள் விரித்து நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, கடைசியில் தண்டை உரசி மோந்து பார்க்க வேண்டும். அங்கே யாரும் செடியைக் கடந்து சும்மா போகமாட்டார்கள். கை குலுக்குகிற மாதிரி தண்டை ஓர் உரசு, விரலை ஒரு மோப்பம், அப்புறம்தான் நடை.

கண்ணும் கையும் சொல்ல வேண்டியதை மார்வாவுக்குச் சொல்லிவிட்டன. மூக்குதான் செத்துப் போயிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வீட்டையே படுக்கப்போட்ட காய்ச்சல், போகும்போது அவள் மோப்பத்தையும் எடுத்துக்கொண்டு போயிற்று. காபி வெந்நீராகிவிட்டது. ரோஜா காகிதமாகிவிட்டது. சம்பளத்துக்கு அவள் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டினாள்; அந்த வேலைக்கு மூக்கு தேவையில்லை, சொல்லப்போனால் இல்லாமலிருப்பதே சௌகரியம். ஆனால் விதை கட்டுகிறவளுக்கு மூக்கு போனால் என்ன மிச்சம்?

ஊரில் யாருக்கும் அவள் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? அறுவடை முடிந்ததும் ஊர் மன்றத்தில் எல்லாரும் கண்ணாடி ஜாடிகளைத் தூக்கிக்கொண்டு அவளிடம்தான் வருவார்கள். "மார்வா, மோந்து சொல்லு." அவளும் மூடியைத் திறந்து, கண்ணைப் பாதி மூடி, ஏதோ ஒன்றை அடித்துவிடுவாள். எல்லாரும் தலையாட்டுவார்கள்.

கர்ட்டுக்கு மட்டும் தெரியும். அதனால்தான் அவன் மூக்கை இரவல் வாங்க வேண்டிய நிலை.

இந்த நாலு செடிகளும் சாதாரணச் செடிகள் இல்லை. அவளே வருஷக்கணக்கில் பொறுக்கி எடுத்துக் கட்டிய ஜாதி. செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறந்த சூட்டோடு முற்றிவிடும் என்பதால் 'முதல் மணி' என்று பெயர் வைத்திருந்தாள். அக்டோபர் மழையில் மற்றவர்கள் வீட்டுப் பூவெல்லாம் சாம்பல் பூஞ்சை பிடித்து அழுகும்போது, அவளுடையது கொட்டகைக்குள் காய்ந்து தொங்கும். பழுத்த ஆப்ரிகாட்டைக் கீறி அதில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டது போல் ஒரு வாசனை. அந்த மணத்துக்காக ஆட்கள் மூன்று மலை தாண்டி வந்தார்கள்.

போன இலையுதிர்காலத்தில், காட்டுத்தீ பயத்தில் காற்றடிக்கிற நாளெல்லாம் கரண்டை நிறுத்தினார்களே, அப்போது ஃப்ரீசரில் ஐஸ் உருகி விதை டப்பாவுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் ஊற்ற மறந்தது யார் என்று சொல்லவும் வேண்டுமா? ஊறி உப்பி நாறிய விதைகளில் ஆறுதான் முளைத்தன. இரண்டு பெண், நாலு ஆண். அவ்வளவுதான் உலகத்தில் மிச்சமிருந்த முதல் மணி.

அதிலும் ஒரு சிக்கல். பூஞ்சையை இன்னும் நன்றாகத் தாங்கட்டும் என்று போன தலைமுறையில் வடக்குச் செடி ஒன்றோடு கலந்திருந்தாள். அது மாடு மாதிரி வளரும், மணம் மட்டும் வெட்டிப்போட்ட புல். பெண்கள் இரண்டிலும் பழைய வாசனை பாதிதான் இருக்கும், அப்பனும் அதைச் சுமந்தால்தான் பிள்ளையில் முழுசாகத் திரும்பும். நாலு ஆணில் யார் முதல் மணி பக்கம், யார் புல்லுப் பக்கம் என்பதை மூக்கு ஒன்றுதான் சொல்லும். தப்பானவனைச் சேர்த்தால் ஆப்ரிகாட் அதோடு போச்சு.

சாவகாசமாக யோசிக்கவும் நேரமில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் பக்கத்துத் தோட்டக்காரன் ரஸ், கஞ்சா வளர்க்க லைசென்ஸ் வாங்கி ஒரு வயலே போட்டிருந்தான். அவன் செடிகள் பூக்கத் தொடங்கிவிட்டன. "ஞாயித்துக்கிழமை நானே வந்து பாப்பேன், மார்வா. ஒரு ஆம்பளச் செடி நின்னாலும் நம்ம சிநேகம் அதோட சரி" என்று தபால்பெட்டி அருகே வைத்துச் சொல்லிவிட்டான். அவனைக் குறை சொல்லவும் முடியாது. நாலு வருஷத்துக்கு முன் கர்ட் இங்கே ஆண் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, அப்படியே தாடியோடு போய் ரஸ்ஸின் பசுமைக்குடிலில் நின்று அரட்டை அடித்தான். தாடியிலிருந்து உதிர்ந்த பொடி ஒரு குடில் முழுக்க விதை வைத்துவிட்டது. அதிலிருந்து அந்த வீட்டுக்குள் கர்ட்டுக்கு அனுமதி கிடையாது.

இன்றைக்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

"சரி, கண்ண மூடு" என்றாள் மார்வா. "தொட்டிய மாத்தி வைக்கிறேன். முன்னால சொன்னதையே சொல்றியான்னு பாப்போம்."

"என்ன நம்பலயா, கண்ணு?"

"மூடுன்னா மூடு."

மாற்றி வைத்தாள். முதல் சுற்றில் எலுமிச்சை என்று அவன் சொன்ன செடி இப்போது 'பழைய செருப்பு' ஆனது. சோப்பு 'ஒரு மாதிரி இனிப்பு' ஆனது. பச்சை மறுபடியும் பச்சையாகவே இருந்தது, ஆனால் வேறு செடியில்.

"உனக்கு மூக்கு இருக்கா, இல்ல மூஞ்சியில சும்மா மாட்டி வச்சிருக்கியா?"

"நீ பக்கத்துல நின்னு மொறச்சா எனக்கு எப்படி வாசனை வரும்?"

மார்வா கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது, அதை இவன் எதிரில் அழுவதா என்று கோபமும் வந்தது. அந்த மணத்தை நினைவில் தேடினாள். ஆப்ரிகாட் என்ற சொல் வந்தது, மண்ணெண்ணெய் என்ற சொல் வந்தது, வாசனை வரவில்லை. எழுந்து போய் ஒவ்வொரு தொட்டியின் முன்னும் நின்றாள். குட்டையாக, சற்றுக் கோணலாக இருந்த ஒன்றை ஒரு பார்வையோடு விட்டாள். மூன்றாவது தொட்டிக்காரன் ஆள் அம்சமாக இருந்தான். நேரான தண்டு, தோள் விரித்த கிளை, கரும்பச்சை இலை. அவன் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"நான் இன்னொரு தரம் பாக்கறேன்" என்று கர்ட் வந்தான். வரிசையாக உரசினான், மோந்தான். மூன்றாவதில் நின்றான். மறுபடி மோந்தான். புருவம் உயர்ந்தது.

"மார்வா."

"என்ன?"

"இதுதான். ஆப்ரிகாட். அடியில லேசா மண்ணெண்ணெய். சத்தியமா."

மார்வா அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தாடி மேலேயே ஒரு முத்தம் கொடுத்தாள். காலையிலிருந்து திட்டியதற்கெல்லாம் மனசுக்குள் மன்னிப்பும் கேட்டாள். மற்ற மூன்றையும் வேரோடு பிடுங்கிக் கொட்டகைக்கு வெளியே வெயிலில் குவித்துவிட்டு, மூன்றாமவனைத் தூக்கிப்போய்க் குளியலறையில் வைத்து ஜன்னல் சந்துகளை டேப்பால் ஒட்டினாள். ஒருவனை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள ரஸ்ஸிடம் கெஞ்சிப் பார்க்கலாம் என்று எண்ணம்.

மத்தியானம் ரஸ் வந்தான். பிக்கப் வண்டியை மேலே நிறுத்திவிட்டு, கையில் பெரிய குப்பைப் பையோடு இறங்கினான். வணக்கம் சொல்கிற முகமில்லை.

"எங்க ஆம்பளைங்க?"

"மூணு அங்க கெடக்கு, நீயே பாத்துக்கோ. ஒண்ணே ஒண்ணு வீட்டுக்குள்ள அடைச்சு வச்சிருக்கேன். ரஸ், அது வெளிய வராது, நான் சத்தியம்..."

"சத்தியத்தப் பத்தி இந்த வீட்டுல பேசாத." கர்ட்டின் தாடியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குவியலை நோக்கிப் போனான். முதல் செடியைத் தூக்கிப் பைக்குள் போட்டான், போடும்போதே கை தானாகத் தண்டை உரசி விரல் மூக்குக்குப் போயிற்று. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதாகக் குட்டையன். உரசினான். மோந்தான். பை கையிலிருந்து நழுவியது.

"இதப் போய் ஏன் பிடுங்கின?"

"ஏன்?"

"ஏனா? உன் முதல் மணி இது! பழக்கடைக்குள்ள டீசல் வண்டி பூந்த மாதிரி அடிக்குது. உனக்கு என்ன பைத்தியமா, மார்வா?"

கிண்டல் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். அவன் முகத்தில் கிண்டல் இல்லை. கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துப் போய்க் குளியலறைக் கதவைத் திறந்து, "இத மோந்து பாரு" என்றாள்.

ரஸ் உரசி மோந்தான். "புல்லு" என்றான். "வெட்டின புல்லு. வேற ஒண்ணுமே இல்ல."

மார்வா மெல்லத் திரும்பினாள். கர்ட் வாசலில் நின்று தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கர்ட்."

"ம்."

"ஆப்ரிகாட்னு சொன்னியே."

"சொன்னேன்."

"சத்தியம் பண்ணினியே!"

"நீ அதுங்கிட்டதான் ரொம்ப நேரம் நின்ன, கண்ணு. உனக்கு அதுதான் பிடிச்சிருக்குன்னு நெனச்சேன்." தொண்டையைச் செருமினான். "எனக்கும் ஒண்ணும் தெரியாது. அதே காய்ச்சல்லதான் போச்சு. நீ மூக்கு போச்சுன்னு மூணு நாள் சாப்பிடாம அழுத. என்னோடதும் போச்சுன்னு அப்ப எப்படிச் சொல்றது? அப்புறம் சொல்லலாம் சொல்லலாம்னு..."

"ரெண்டு வருஷமா?"

"ரெண்டு வருஷமா."

"அப்ப நான் வைக்கிற பீன்ஸ் குழம்பு? 'ஆஹா, வாசனையே ஊரத் தூக்குது'ன்னு தட்டுல சோளரொட்டிய வச்சுக்கிட்டுச் சொல்லுவியே?"

இந்த மனுஷனை எதால் அடிப்பது என்று மார்வா சுற்றுமுற்றும் பார்த்தாள். கழிவறை பிரஷ் தவிர எதுவும் கைக்கு எட்டவில்லை. பாசத்தால் பொய் சொன்னான் என்று மனசு இளகினாலும், அந்தப் பாசம் தன் கடைசி விதையில் போய் விடிந்ததை நினைத்தால் ரத்தம் கொதித்தது.

"ஒரு நிமிஷம்" என்றான் ரஸ். "உனக்கும் மூக்கு போச்சுன்னா சொல்றான்?"

மார்வா குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். மறைத்து என்ன ஆகப்போகிறது? "ஆமா ரஸ். ஒண்ணுமே தெரியாது. ரெண்டு வருஷமா அடிச்சு விடறேன்."

"போன வருஷம் என் ஜாடிய மோந்துட்டு 'எலுமிச்சை தூக்கலா இருக்கு'ன்னியே?"

"மன்னிச்சுக்கோ."

"மார்வா, நான் அத லேபில்ல அச்சடிச்சிட்டேன்! மஞ்சளா எலுமிச்சம்பழப் படம் வேற போட்டேன்! எனக்கு அதுல வெங்காயந்தான் அடிச்சுது, மார்வாவே சொல்றாளேன்னு..." தலையில் அடித்துக்கொண்டான். "வாங்கறவன் எல்லாரும் மோந்துட்டு, ஆமா எலுமிச்சைதான்ங்கறான்!"

சிரிப்பா கோபமா என்று அவனுக்கே பிடிபடாமல் கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு என்ன தோன்றியதோ, வெளியே ஓடிப்போய்க் குட்டையனைத் தூக்கிவந்தான். வெயிலில் கிடந்து இலையெல்லாம் துவண்டு தொங்கியது. மொட்டுகள் மட்டும் இறுக்கமாக இருந்தன.

"கிளைய வெட்டித் தண்ணில வை. மொட்டு செத்திருக்கலன்னா தண்ணியிலயே வெடிக்கும்" என்றான்.

"தெரியும். நீதான் அத விடமாட்டியே?"

ரஸ் விரலை மறுபடி மோந்தான். "இத நான் பைக்குள்ள போட்டுக் கட்டினேன்னா நாளைக்கு என் மூஞ்சில நானே முழிக்க முடியாது. ஆனா இந்த ரூம விட்டு ஒரு பொடி வெளிய வரக்கூடாது. பொம்பளச் செடியையும் இங்கயே கொண்டாந்து சேத்துடு. அப்புறம்..." கர்ட்டை நோக்கி விரல் நீட்டினான். "அந்தத் தாடி போகணும்."

"தாடியா?" கர்ட் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். "இது நான் ராணுவத்துலேர்ந்து வந்தப்ப விட்டது."

"போகணும்."

"மார்வா, நீ சொல்லேன்."

மார்வா மருந்து அலமாரியைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

ஜாடியில் தண்ணீர் விட்டு, நல்லதாக மூன்று கிளைகளை வெட்டி நிறுத்தி, உதிர்கிற பொடி தெரியட்டும் என்று கீழே ரொட்டி சுடுகிற கறுப்புத் தட்டை வைத்தாள். புல்லுக்காரனை ரஸ் மகிழ்ச்சியோடு முறித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு போனான். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கர்ட் வழித்த முகத்தோடு வந்தபோது, மேஜைக்கு யாரோ அன்னியன் வந்து உட்கார்ந்தது போல் இருந்தது. சின்னத் தாடை, அதில் சின்னப் பையனுடையது மாதிரி ஒரு குழி. கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்க்காத குழி.

"குழம்பு எப்படி இருக்குன்னு சொல்லித் தொலைக்காத" என்றாள்.

"உப்பு தெரியும், கண்ணு. நாக்குக்கு உப்பு மட்டும் தெரியும்."

"சரி, உப்பு எப்படி?"

கர்ட் கரண்டியைக் கீழே வைத்தான். "ரெண்டு வருஷமாவே ஜாஸ்தி."

அடுத்த நாள் கறுப்புத் தட்டில் பொடி ஒன்றுமில்லை. அதற்கு அடுத்த நாளும் ஒன்றுமில்லை. இலைகள் சுருண்டு, கிளை நுனி பழுத்தது. மார்வா மணிக்கொரு தரம் கதவைத் திறந்து பார்ப்பதும், கர்ட்டைப் பார்த்து முறைப்பதுமாக இருந்தாள். ஜெனரேட்டர், பெட்ரோல், சத்தியம் எல்லாவற்றையும் மறுபடி மறுபடி இழுத்தாள். கர்ட் தண்ணீரை மாற்றினான், கிளையின் அடியைச் சாய்வாக வெட்டினான், குளியலறையை அவளுக்கு விட்டுவிட்டு ஓடையில் குளித்தான்.

பிறகு ஒரு காலை அவன்தான் கூப்பிட்டான், கிசுகிசுப்பாக. "மார்வா. மெதுவா வா. கதவ வேகமாத் தெறக்காத."

ஒரே ஒரு கொத்து விரிந்திருந்தது. அதற்குக் கீழே கறுப்புத் தட்டில், கண் மை அளவுக்குக்கூட இல்லை, மஞ்சளாகக் கொஞ்சம் பொடி. பெண் செடியைக் கர்ட் தூக்கிவந்து வைத்தான். மார்வா மென்மையான பிரஷ்ஷில் பொடியைத் தொட்டு, அடிக்கிளைப் பூவின் வெள்ளை முடிகளில் ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"மூச்சு விடாத" என்றாள்.

கர்ட் விடவில்லை. முகம் சிவந்து போயிற்று. மொட்டைத் தாடையோடு, தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான்.

தடவி முடித்து, கிளைக்கு உறை மாட்டிய பிறகு, பழக்கதோஷத்தில் மார்வா ஜாடியிலிருந்த தண்டை உரசி விரலை மோந்தாள். ஒன்றுமில்லை. அதே விரலை அவன் மூக்கருகே நீட்டினாள். கர்ட் நன்றாக மோந்தான், யோசித்தான், அவள் கண்ணை நேராகப் பார்த்தான்.

"ஒண்ணும் தெரியல, கண்ணு" என்றான்.

இரண்டு வருஷத்தில் மோந்து பார்த்துவிட்டு அவன் அவளிடம் சொன்ன முதல் உண்மை அது. "எனக்கும்தான்" என்றாள் மார்வா. "விதை முத்தி, முளைச்சுச் செடியாகட்டும், ரஸ்ஸக் கூப்பிட்டு மோந்து பாக்கச் சொல்லுவோம்."